கண்டலுக்குப் போட்ட வேலி

ஐப்பசி, வியாழன் இரவு.

இன்று நகர சபையின் பூங்கா, சூழல் குழுக் கூட்டத்தில் என் சொல்லே என்னைத் தோற்கடித்தது.

வாவிக்கரைப் பூங்காவை ஒட்டிய கண்டல் காட்டுக்குள் குப்பை கொட்டுகிறார்கள் என்று, வேலி கேட்டுப் போராடியவள் நான். வேலி வந்தது, குப்பையும் நின்றது. ஆனால் இறால் விற்றுப் பிழைக்கும் புஷ்பம் வாவியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற வழியும் அதோடு அடைபட்டுப் போனது. மற்றப் பக்கமெல்லாம் ஆழம். அவளிடம் தோணி இல்லை. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு, திறந்து மூட ஒரு படலை விட்டால் போதும் என்று கேட்டிருந்தாள்.

அதைத்தான் இன்று கூட்டத்தில் கேட்டேன்.

"படலை விட்டா குப்பையும் அதாலதான் வரும். ஒரு இடைவெளியும் விடக் கூடாதெண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" என்றார் தலைவர்.

சொன்னேன்தான். வாக்கெடுப்பில் என் கை மட்டுமே உயர்ந்தது.

வரும் வழியில் புஷ்பத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

"பரவாயில்லக்கா. எனக்காகக் கதைச்சீங்கதானே. மறுகா, அந்தப் பூங்காவில கூட்டுறதுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். எனக்கொருக்கா கேட்டுப் பாருங்களன்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைவர் மறுக்கமாட்டார். பிறகு நான் காலையில் அங்கே நடக்கப் போகும்போதெல்லாம், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் சருகு கூட்டுவதைப் பார்க்க வேண்டும். என்னைக் கண்டால் சிரிப்பாள் வேறு.