நிழற்குடைக்குப் பின்னால்

காலையில் அம்மா சோற்றுப்பானையை இறக்க உன் துண்டை எடுத்துவிட்டாள். உன் துண்டு என்ன, உன் அப்பாவின் துண்டு. சிவப்புக் கட்டம் போட்டது, ஓரம் நைந்தது. ஒருநாள் பேருந்தில் என் பைக்குள் திணித்துவிட்டு இறங்கிப் போனாயே, அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொடியில்தான் கிடக்கிறது. எத்தனை முறை துவைத்தும் டீசலும் பிச்சிப்பூவும் கலந்த அந்த வாசனை போகவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஒரு கரித்துணிக்கா இப்படி என்று அம்மா முறைத்தாள். கோபம் அவள்மேல் இல்லை, உன்மேல்தான். நீ கட்டிவைத்துவிட்டுப் போன முடிச்சை ஒரு மாதமாக நான் உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று வந்த புதிதில் நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். எனக்குச் சங்கரன்கோவிலில் கல்லூரி, உனக்கு ஜவுளிக்கடை. பிறகுதான் புரிந்தது, சும்மா ஏறலாம், ஆனால் ஏறுவதற்குப் பஸ் நிற்க வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து நம் ஊர் பிரிகிற விலக்கில் பூ மார்க்கெட்டுக்குப் போகும் அக்காமார் கூடைகளோடு நிற்பார்கள். பஸ் தூரத்தில் தெரியும். நிற்பது எல்லாம் சேலையும் சுடிதாரும் என்று தெரிந்ததும் டிரைவர் நடுரோட்டுக்கு ஒதுங்கி, வேகத்தைக் கூட்டிப் போய்விடுவார். எல்லா டிரைவரும் அப்படி இல்லை. அப்படி இல்லாதவர் எந்த நாளில் வருவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் நீ உன் அண்ணனின் சட்டையைச் சுடிதார்மேல் மாட்டிக்கொண்டு, இந்தத் துண்டைத் தலையில் கட்டி, எங்கள் எல்லாரையும் நிழற்குடைச் சுவருக்குப் பின்னால் அனுப்பினாய். காலை அகட்டி வைத்து நீ கை நீட்டிய தோரணையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். பஸ் சாதுவாக வந்து நின்றது. கூடைகளோடு நாங்கள் கூட்டமாக வெளியே வர, டிரைவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டார். ஆம்பளை என்று நினைத்தல்லவா நிறுத்தினேன் என்று எரிந்து விழுந்தார்.

"அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பின்னாடி சீட்டுக்காரங்களுக்குக் கேக்கலையாம்" என்றாய் நீ.

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் தலை குனிந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு குத்து வைத்தாய். "ஏட்டி ஊமச்சி, ஒனக்கும் சேத்துல்லா நான் பேச வேண்டியிருக்கு."

தினமும் வேஷம் கட்ட உனக்கு அலுத்துப்போனது. சாலையோரம் ஆடு மேய்க்கும் என் அப்பாவைப் பிடித்தாய். பஸ் வரும் நேரத்தில் மாமா கை காட்டினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாய். சில டிரைவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே, எத்தனை பேர் என்று கத்திக் கேட்பார்கள். அதற்கும் பாடம் சொல்லிக் கொடுத்தாய். "யாரு கேட்டாலும் நான் ஒருத்தந்தான்னு சொல்லுங்க மாமா. மறந்துராதிய."

அப்பா மறக்கவில்லை. அதுதான் வினை.

நீ காய்ச்சல் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. உன் வழக்கம் மட்டும் விலக்கில் தங்கிவிட்டது. நான் படிப்பு முடித்து, டவுனில் ஒரு லேபில் ரிப்போர்ட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கியவள் நான். அப்பா ஆட்டை விட்டுவிட்டு வந்து கை காட்டுவார், பஸ் நிற்கும், நாங்கள் சுவருக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து ஏறுவோம், அவர் ஆட்டிடம் திரும்பிவிடுவார். எங்கேயும் போகாமலேயே எங்கள் ஊரில் அதிகம் பஸ்ஸை நிறுத்தியவர் அவர்தான்.

போன மாதம் பைக்கில் இரண்டு பேர் வந்து எதிரே புளியமரத்தடியில் நின்றார்கள். சட்டையை உள்ளே விட்டிருந்தார்கள். செக்கிங் வந்திருக்கிறது, நம் தந்திரத்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பூக்கார அக்கா கிசுகிசுத்தாள். எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டினோம். அவர்களில் ஒருவர் அப்பாவிடம் வந்து, இங்கே எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள் என்று கேட்டார்.

"நான் ஒருத்தந்தான் சார்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல சார். ஆடு நிக்கி."

அவர்கள் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்கள். பஸ் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, கிளம்பிவிட்டார்கள். நாங்கள் தப்பித்தோம் என்று சிரித்தோம்.

அவர்கள் செக்கிங் இல்லை. எந்தெந்த நிறுத்தத்தை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று பார்க்க வந்தவர்கள். அடுத்த வாரம் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. புதுப் பேருந்துகள் வரப்போகின்றனவாம், சீக்கிரம் போய்ச்சேர வேண்டுமாம், ஆள் இல்லாத இடங்களில் நிற்காதாம், நம் விலக்கும் அதில் ஒன்றாம். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேருந்தின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடி பளபளக்கிறது, கதவு தானாகவே மூடுமாம், எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கலாமாம். படத்தை உற்றுப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள்கூட இல்லை. ரோட்டோரத்திலும் யாரும் நிற்கவில்லை. வேகமாகப் போகாமல் என்ன செய்யும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்காமல் போனார்கள், அதனால் ஒளிந்தோம். ஒளிந்தோம், அதனால் ஆளே இல்லை என்கிறார்கள். பஸ் நிற்கவில்லை என்றால் அடுத்த நிறுத்தம்வரை கருவேலங்காட்டு ஓரமாக நடக்க வேண்டும். அப்பா சண்டை போடவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டே, "பஸ்ஸு இல்லன்னா வேலய விட்டுரு மக்கா. அந்த வழில ஒன்ன நடக்க விட்டுட்டு இங்கன இருக்க என்னால முடியாது" என்றார். நீயாக இருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பாய்.

லேபில் அரைநாள் விடுப்புக் கேட்டுவிட்டு போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எழுதியே கொண்டுபோனேன், வாய் திறக்க வேண்டாமே என்று. விலக்குக்கு வந்தவரில் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரே ஒரு பெரியவர்தான் நின்றார், அவரும் எங்கேயும் போகவில்லை என்றார் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அது எங்கள் அப்பா என்றேன். சுவர், துண்டு, உன் வேஷம் என்று எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒளிஞ்சு நின்னா நான் எப்படிம்மா எண்ணுவேன்?"

"வெளிய நின்னா பஸ் நிக்காது சார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். இன்னொரு நாள் காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த நாளுக்கு அக்காமாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பஸ் போய்விட்டால் பூ வாடிவிடும், உன் சர்வேக்கு என் கூடையா கிடைத்தது என்றார்கள். அந்தப் பிள்ளை இருந்தால் இப்படி முன்னால் நிறுத்துவாளா என்று உன் பெயரைச் சொல்லியே என்னை மடக்கினார்கள். இருந்தாலும் வந்தார்கள். அப்பாவை ஆட்டோடு தள்ளி நிற்கச் சொன்னோம். அதிகாரி பழைய இடத்திலேயே நின்றுகொண்டு, வேண்டுமென்றே அப்பாவைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அப்பா வாயெடுத்தார். "நான் ஒரு..." என்று தொடங்கி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஏறல சார். ஏறுறது இவுகதான்."

பஸ் தெரிந்தது. வழக்கம்போல நடுரோட்டுக்கு ஒதுங்கியது. உன் துண்டு என் கையில் இருந்தது. தலையில் கட்டவில்லை. தார் ரோட்டில் இறங்கி, அதை உயரத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, எனக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, எத்தனை பேர் என்று கத்தினார்.

"நின்னு எண்ணிக்கோங்க அண்ணாச்சி."

என் குரல்தான். எனக்கே யாரோ பேசியதுபோல இருந்தது. கூடைகளை ஏற்றும்போது ஒரு அக்கா, ஊமச்சி வாயைத் திறந்துவிட்டாள் என்றாள். திறக்காமல் என்ன செய்வது, நீதான் இல்லையே.

நம் நிறுத்தம் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. புதுக் கணக்கை மேலே அனுப்பியிருக்கிறார்களாம். அதுவரை தினமும் முன்னால்தான் நிற்கிறோம். சில நாள் பஸ் நிற்கிறது, சில நாள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. அப்படிப் போகும் நாளில் எல்லாக் கண்களும் அந்தச் சுவர்ப்பக்கம் போகும். நான் யாரையும் ஒளிய விடுவதில்லை. தூரத்தில் ஆட்டோடு நிற்கும் அப்பாவின் கை தானாக எழுந்து, பிறகு தாழும்.

துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கரித்துணியாக என் பழைய கல்லூரித் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன்.