காயிலை வெட்டுவதற்கு முன்

ஜூன் 3, செவ்வாய்

எழுத்துத் தேர்வில் முப்பத்தொன்று. போன தடவை முப்பத்துமூன்று. தேற நாற்பது வேண்டும், நான் தேய்ந்துகொண்டே போகிறேன்.

செய்முறையில் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுங்கள், உள்ளே சுற்றிய பழைய கம்பிச் சுருளை, அதுதான் காயில், பிடுங்கிவிட்டுப் புதுசு கட்டி ஓட வைக்கிறேன். அது ஏன் ஓடுகிறது என்று தாளில் எழுதச் சொன்னால் மட்டும் கை மரத்துப்போகிறது.

செப்டம்பரில் கடைசி வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் பயிற்சி நிலையத்துப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். பதினொரு வருடம் சட்டைக் காலர் தைத்த கம்பெனியை மூடிய பிறகு, முப்பத்தெட்டு வயதில் வெட்கத்தை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தது இதற்கா? மோட்டார் பட்டறைக்காரம்மா சொல்லிவிட்டார்: "சர்டிபிகேட்டோட வா, அன்னைக்கே சேத்துக்கறேன்."

தோற்றவர்களுக்கு இனி செவ்வாயும் வியாழனும் 'கற்றல் திறன்' வகுப்பாம். திறன் இல்லாதவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை.

ஜூன் 5, வியாழன்

கற்றல் திறன் சார் ஆளுக்கு ஐந்து வண்ணப் பேனா கொடுத்தார். விளக்கத்துக்கு மஞ்சள், சூத்திரத்துக்குப் பச்சை, இன்னும் என்னென்னவோ. "கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிங்கம்மா. தானா மனசுல பதியும்." ஒரு கால அட்டவணையும் உண்டு. காலை நாலரைக்கு எழுந்து படிக்க வேண்டுமாம். நாலரைக்கு நான் அடுப்படியில் நிற்கிறேன் ஐயா! ஐந்தரைக்கு என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸை எடுத்தாக வேண்டும்.

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பச்சைப் பேனா தீர்ந்துவிட்டது. பாடம் தீரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மாதிரித் தேர்வு. இருபத்தெட்டு!

புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையும். நான்கு முறை படித்தேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது — ஆமாம், இது தெரியும், இதுவும் தெரியும் என்று பக்கம் ஓடுகிறது. கேள்வித்தாளைப் பார்த்ததும் துடைத்துவிட்ட பலகை. எங்கே போய்த் தொலைகிறது எல்லாம்?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "மண்டைல ஏறலன்னா விடேன். இதுக்கு யாரு அழுதா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நான் அழறேன், போதுமா? எனக்கு வேணும்!" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அவர் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார். அதற்கும் கோபம் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

ரேடியோவை இன்று கிழித்துத் தொங்கவிட்டேன். ரேடியோ என்பது என் மேசைக் கூட்டாளி. வாய் மூடாதவள், அதனால் அந்தப் பெயர்.

சலவைக் கடைக்காரர் மோட்டார் கொண்டுவந்து போட்டிருந்தார். எங்கள் வேலையில் முதல் காரியம் என்ன? உளியைத் தொடுவதற்கு முன்னால் காயில் அட்டையை எழுத வேண்டும். கம்பி உட்காரும் பள்ளமான காடி எத்தனை, ஒவ்வொரு காயிலும் எதிலிருந்து எதற்குப் போகிறது, எந்த முனை எதோடு சேர்கிறது — பார்த்து, எண்ணி, படம் போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் கம்பி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் மகராசி மொத்தத்தையும் வெட்டிப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள். அட்டை வெள்ளையாக இருக்கிறது.

"நல்லாப் பாத்துக்கிட்டேன்டி. ரெண்டு தடவ பாத்தேன்."

"பாத்தாப் போதுமாடி? கண்ணு முன்னாடி இருக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்! எங்க, இப்பச் சொல்லு, இந்த முனை எங்க போச்சு? சொல்லு!"

அவள் குப்பைத் தொட்டியைக் கிளறினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை, இன்னும் நாலு வார்த்தை கேட்டேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"ரொம்பப் பேசாத. நீ மட்டும் புஸ்தகத்த வேற என்ன பண்ற? நீயும் பாத்துக்கிட்டுதான இருக்க, கலர் கலரா!"

எல்லார் எதிரிலும். நான்கு பேர் கேட்க. எவ்வளவு திமிர்!

ஜூலை 23, புதன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. ரேடியோ ஓடாத மேசை எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 25, வெள்ளி

மூன்று நாளாக அவளைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். மனசுக்குள் எத்தனை பதில் தயார் செய்தாலும் ஒன்றும் நிற்கவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்தேன். காயில் அட்டை ஒன்றைத் திருப்பி, 'மோட்டார் ஏன் சுழல்கிறது?' என்று எழுதி, தெரிந்ததை எழுத ஆரம்பித்தேன். நாலு வரி. நாலே நாலு வரி! அதிலும் ஒன்று தப்பு. ஐந்து வண்ணத்தில் கோடு போட்ட பாடம் அது.

ஆத்திரத்தில் அழுதேன். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் "படி படி" என்று மண்டையில் கொட்டினார்களே, எப்படிப் படிப்பது என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொன்னதுண்டா? மக்கு மக்கு என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டு காலர் தைக்கப் போனேனே!

முகம் கழுவிவிட்டு வந்து விட்ட இடங்களைப் பார்த்தேன். மறுபடி மூடினேன். மறுபடி எழுதினேன். ஒன்பது வரி.

ஜூலை 28, திங்கள்

ரேடியோ தொலைத்த இணைப்பை இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தோம். மோட்டார் ஓடியது. மன்னிப்பு கேட்கவில்லை. நான் கேள்வி எழுதி வைத்திருந்த ஒரு கட்டு அட்டையை அவள் கையில் கொடுத்தேன், "கேள்வி கேளு" என்றேன். "இப்பவாவது உறைச்சுதே!" என்று ஆரம்பித்தாள், மணி அடிக்கும்வரை ஓயவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வகுப்பில் எழுந்து கேட்டே விட்டேன். "சார், ஒருநாளாவது புஸ்தகத்த மூடச் சொன்னீங்களா?"

"மூடிட்டா எப்படிம்மா படிப்பீங்க?" என்றார். நிஜமாகவே கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதினேன். தேர்வில் இரண்டு கேள்வி தெரியவில்லை. எந்த இரண்டு என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

சர்டிபிகேட்டோடு பட்டறையில் சேர்ந்து இரண்டாவது வாரம் முடிந்தது. கையெல்லாம் வார்னிஷ், போக மாட்டேன் என்கிறது.

துவைத்த துணியை உள்ளே எடுத்து வந்தால், இவர் மேசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே சாலை விதிப் புத்தகம். கையில் என் மஞ்சள் பேனா! டிரைவர்களுக்கெல்லாம் டிப்போவில் எழுத்துத் தேர்வாம், தேறாதவர்களுக்கு ஸ்டியரிங் கிடையாதாம். நான்கு நாளாக என்னிடம் மூச்சுவிடவில்லை மனிதர். முக்கால் பக்கம் மஞ்சளாகிவிட்டது.

"மூடுங்க அதை!" என்று கத்தினேன்.

"இன்னும் படிச்சே முடிக்கலடி."

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். இருபது வருடமாக எந்தச் சந்திலும் பஸ்ஸைத் திருப்புகிற மனிதர், பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "எனக்கு நிக்க மாட்டேங்குதுடி. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்."

'மண்டைல ஏறலன்னா விடேன்' — நாக்கு நுனிவரை வந்தது. அவர் அன்று அதை எனக்கு மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். வெள்ளை அட்டை ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டேன்.