குங்கிலியமும் இவர் காலும்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். தண்டலம் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில், ஆல்கஹாலில் ஊறிய குங்கிலியத்தை வடிகட்டி, கிருமி பரப்பிய தட்டில் குழி போட்டு ஊற்றினேன். மரப்பிசின் கிருமியைக் கொல்லுமா என்பது மேடத்தின் ஆராய்ச்சி. அவரிடம் கேட்டு, இவர் கால் புண்ணின் சீழில் வளர்த்த கிருமியையே பரப்பினேன்.

ஒரகடம் கம்பெனியில் நின்று நின்று ஷூ கடித்த புண். சர்க்கரை வேறு. இரண்டு வகை மாத்திரை, கேட்கவில்லை. இனி ஊசிதான், ஏழு நாள் என்கிறார் டாக்டர்.

வாங்க: பஞ்சு, சோப்பு, ரவை.

ஜூலை 9, புதன்
குழியைச் சுற்றித் தெளிவாக வட்டம்! உள்ளே கிருமியே இல்லை. அதே தட்டில் இவர் தின்ற மாத்திரை மருந்தை வைத்த இடத்தில் வட்டமே இல்லை. போனில் படம் எடுத்து வந்து காட்டினேன்.

“இன்னாது இது, நெலா மாரி?”

“உங்க புண்ணுல இருந்த கிருமி. குங்கிலியம் கொன்னுடுச்சு.”

சிரித்தார். எத்தனை நாளாயிற்று.

“அப்ப ஊசி எதுக்கு? ஏழு நாள் லீவு போட்டா லைன்ல வேற ஆளப் போட்டுடுவான்.”

ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இது வெறும் தட்டு என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி
மேடம் படத்தைப் பார்த்தார். “ஆல்கஹால மட்டும் ஒரு குழில ஊத்திப் பாத்தியாம்மா?”

இல்லை. முதல் பாடமே அதுதான். மறுபடி தட்டு போட்டேன்.

இவர் சோறு வேண்டாம் என்றார். ஊசி?

“போட்டுகினேன், போட்டுகினேன்.”

ஜூலை 12, சனி
வெறும் ஆல்கஹாலைச் சுற்றியும் அதே வட்டம். அதே அகலம். குங்கிலியம் எதையாவது கொன்றதா, தெரியாது. நோட்டில் அவ்வளவுதான் எழுத முடிந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தேன். இவர் உடம்பு கொதிக்கிறது. கட்டை அவிழ்த்தால் தேங்காய் எண்ணெயில் குழைத்த குங்கிலியம். அடியில் இரண்டு விரல் கறுத்து. நாற்றம். ஊசி ஒன்றுகூடப் போடவில்லை.

“நீதான படம் காட்டுன?”

ஆட்டோ. ஆஸ்பத்திரி.

ஜூலை 14, திங்கள்
மழை. இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பலாம். ஊசி ஏறுகிறது.

“யாருப்பா இதப் போடச் சொன்னது?” என்றார் டாக்டர்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் இல்ல சார். நானாத்தான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்களாவது கேக்கக் கூடாதாம்மா? இன்னா வேல பாக்குறீங்க?”

“வீட்லதான் சார்” என்றேன்.