பத்து மணிப் பள்ளிக்கூடம்

பெரம்பலூர்
6-11-46

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். என்னை நிம்மதியாக இருக்கத்தான் நீ விடமாட்டேன் என்கிறாய். பத்து மணிக்கு உன் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறதென்று எங்கள் ஆபீசுக்குப் புகார் வந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டரே வருகிறார். அந்நேரம் பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார். இந்தக் குமாஸ்தா தம்பி உன் காலில் விழுகிறேன், அன்று ஒருநாள் பத்து மணிக்குத் திற.

உன் தம்பி
ராசாங்கம்

கீழப்பழுவூர்
9-11-46

அன்புள்ள தம்பிக்கு,

காலில் விழுகிறவன் காதைத் திருகவேண்டும் போலிருக்கிறது. இது கடலை பிடுங்கும் காலம் என்பது மறந்துபோயிற்றா? வெயில் ஏறினால் பிள்ளைகள் காட்டுக்குப் போய்ச் செடியிலிருந்து கடலை ஆயவேண்டும். கூலிக்கடலை வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பத்து மணிக்குத் திறந்தால் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். அதனால்தான் கோழி கூப்பிடத் தொடங்கி, காட்டுக்கு ஆள் போகிற நேரத்தில் முடிக்கிறேன்.

ஆனால் பள்ளியே போய்விட்டால் என்ன செய்வேன்? வியாழனன்று பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், அப்போது வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். "கூலி போயிடுமே டீச்சர்" என்றாள் பெரிய வகுப்புப் பொன்னாயி.

பஞ்சவர்ணம்

பெரம்பலூர்
12-11-46

அக்கா,

காரியம் கெட்டது. மனசு கேட்காமல் நேற்று இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் வியாழன் விடியற்காலையே போய்ப் பார்க்கிறேன்" என்று சுற்றுப்பயணம் புறப்பட்டுவிட்டார். இன்று உன் கடிதம் வருகிறது! நேரத்தை மாற்றாதே. விடியலிலேயே திற.

ராசாங்கம்

கீழப்பழுவூர்
15-11-46

என் அசட்டுத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

நேற்று விடியலில் நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு யாரோ சார் வந்திருக்கிறார் என்றார்கள். சாணிக் கையோடு ஓடினேன். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்! பொன்னாயி மணலில் எழுதிக் காட்ட, சின்னதுகள் கத்திப் படிக்கின்றன. வந்தவர் கேட்கிறார், டீச்சர் எங்கே என்று.

"பத்து மணிக்கு வருவாங்க சார். அந்தப் பள்ளிக்கூடம் இன்ஸ்பெக்டருக்கு. இது எங்களுக்கு" என்றாள் பொன்னாயி.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடலைக் காலம் முடியும்வரை இதே நேரத்தில் நடத்தலாமென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். காட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

யாருக்கும் கூலி போகவில்லை. பத்து மணிக்கு நான் மட்டும் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, சந்தோஷத்தில் அழுதேன்.

இன்னும் வெட்கம் தீராத அக்கா
பஞ்சவர்ணம்