ஜோடிப் படம்

சுசித்ராவின் அம்மாவுக்கு,

நீ நம் மகள் வீட்டுக்குப் போன இந்த எட்டு மாதத்தில் உன் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

சித்தேரி குள்ளம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைத்துவிட்டது. மனைவியோடு எடுத்த படத்தை ராணுவக் கோப்பில் சேர்க்காமலே அவர் கணவர் இறந்துபோனதால், எங்கள் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சங்கம் நான்கு வருடம் மனு மேல் மனு போட்டது.

நேற்று இனிப்போடு வந்தவர், "அவரு இருக்கையிலேயே ஒரு போட்டோ புடிச்சிருந்தா இவ்ளோ அலைச்சல் இல்லீங்க. உங்க வூட்டம்மாவோட போட்டோ குடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். எப்போதோ கொடுத்தாயிற்று என்றேன். பொய். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பும் இந்த கேப்டனின் கோப்பில் அந்த இடம் காலி.

என் உடம்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார். அதற்காக எழுதவில்லை.

சனிக்கிழமை தருமபுரியில், சங்கத்திலேயே ஜோடிப் படம் எடுக்கிறோம். காலை பஸ்ஸில் வந்தால் சாயங்காலமே ஓசூர் திரும்பிவிடலாம். தள்ளி நிற்கும் தம்பதிகளை நெருங்கி நிற்கச் சொல்லி அதட்டுவது என் வேலை. உன்னை அதட்ட மாட்டேன். நீ எங்கே நிற்கிறாயோ, அங்கே நான் நகர்ந்து வருகிறேன்.

இன்னமும்
உன் வீட்டுக்காரன்