அரிசி வாளி மூடியில் ஒரு சொல்

மச்சாள்,

போன கிழமை உன் வீட்டுக் குசினிக்குள் இருந்து பெயின்ட் அடிக்கிற தம்பி என்னைக் கூப்பிட்டான். உன் ஆண்டுத் திவசத்துக்கு முன் சுவர்களை வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று அண்ணன் ஆள் பிடித்திருந்தார். மேற்பார்வைக்கு என்னை வைத்திருந்தார். எதையும் மேற்பார்வை செய்ய என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் பழைய முடிவு.

"டீச்சர், இந்தக் கடதாசித் துண்டுகளைச் சுரண்டவா, விடவா?" என்று கேட்டான். "கதவில ஒண்டு, அலுமாரியில ஒண்டு, கண்ணாடியிலயும் ஒண்டு. எழுத்துத் தமிழ்தான், ஆனா ஒண்டும் விளங்குதில்ல. மந்திரமா?"

மந்திரமில்லை, ஸ்பானிய மொழி என்றேன். மந்திரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

கதவில் 'புவெர்த்தா'. தண்ணீர்க் கூசாவில் 'ஆகுவா'. முகம் பார்க்கும் கண்ணாடியில் 'யோ', அதாவது 'நான்'. எல்லாம் உன் கையெழுத்து. சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து, விலைத் துண்டு எழுதி எழுதிப் பழகிய கை. எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னேன். அரிசி வாளியின் மூடியில் இருந்ததை மட்டும் தொடவேண்டாம் என்றேன். அதில் உன் எழுத்தோடு என் எழுத்தும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நீ இருந்த காலத்தில் இதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தேன்.

உன் மகன் படிக்கப் போன இடத்தில் ஒரு ஸ்பானியப் பெண்ணை விரும்பினான். பெண்ணின் தாய் ஸ்பெயினில் பேக்கரி வைத்திருப்பவர். கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பேக்கரிக்கு மேல்வீட்டில், மாமியாரோடுதான் இருக்கப்போவதாக உன் மகன் சொன்னபோது, கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். உனக்கு அதில் புதினம் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். அண்ணனும் உன் தாய் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்தான். "எங்கட முறைப்படிதான் நடக்குது கா. தூரம்தான் கொஞ்சம் கூட" என்றாய்.

அண்ணனைக் கொண்டுவந்து விட்ட அன்று எங்கள் அம்மா உன் தாயைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னதாக நீ அடிக்கடி சொல்வாய். "இவனுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டான். ரெண்டு நாள் விட்டிருங்க, தானா வருவான்." அந்த ஒரு சொல்லால்தான் உன் கலியாணம் தப்பியது என்பது உன் கணக்கு. பிள்ளையைக் கொடுக்கிறவள் பிள்ளையோடு அப்படி ஒரு சொல்லையும் கொடுக்க வேண்டும் என்று நீ நம்பினாய். உன் சம்பந்திக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆகவே நீ ஸ்பானியம் படிக்க வந்தாய்.

வந்தது என்னிடம். எனக்கும் ஸ்பானியம் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு ஒரு மொழி தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. போனில் ஒரு செயலியை இறக்கி, பழைய புத்தகம் ஒன்றையும் தேடி எடுத்து, உன்னைவிட இரண்டு பாடம் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னேரத் தேத்தண்ணியோடு வகுப்பு. நீ தேங்காய் துருவிக்கொண்டே படித்தாய். பூனை பால் குடிக்கிறது, சிவப்புத் தொப்பி மாமாவுடையது என்று செயலி சொல்லித்தந்ததை எல்லாம் பொறுமையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒருநாள் கேட்டாய்: "சரி மச்சாள். இந்தப் பூனையை நான் சம்பந்திக்கிட்ட எந்த இடத்தில விடுறது?"

கோழிகளிடம் 'கோமோ எஸ்தாஸ்' என்று சுகம் விசாரித்தாய். சம்பந்தியிடம் அப்படிக் கேட்கக்கூடாது, மரியாதைக்கு 'கோமோ எஸ்தா' என்று கேட்க வேண்டும் என்றேன். நீயும் நீங்களும் போலத்தானே என்றாய். என் மாணவர்களுக்கு இதை விளக்கியிருந்தால் ஒரு தவணை போயிருக்கும்.

உனக்கு மிகவும் பிடித்தது, படிக்காமலே தெரிந்த சொற்கள். மேசைக்கு மேசா. சப்பாத்துக்கு சப்பாத்தோ. அலுமாரிக்கு அர்மாரியோ. குசினிக்குக் கோசினா. பேக்கரிப் பாணுக்கும் பாண்தான். முன்னொரு காலம் வாவிக்கரையில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் விட்டுப்போன சாமான்கள் இவை, ஸ்பானியம் அவர்களுக்குப் பக்கத்து வீடு என்று நான் சரித்திரம் சொன்னேன். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வீட்டுக்குள்ள பாதிப் பாஷை ஏற்கெனவே கிடந்திருக்கு. ஒருத்தரும் சொல்லல்ல பாரு" என்றாய்.

ஆனால் நீ கொடுக்க நினைத்த சொல்லுக்கு இந்தச் சாமான்கள் போதவில்லை. அது இரண்டு வசனம். 'என் மகன் பசித்தால் சொல்லமாட்டான். முகத்தைப் பாருங்கள்.'

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை முழுக்க என் வீட்டில் இருந்தான். நான் அவனுக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்தேன். இன்னொரு புத்தகமும் கொடுத்தேன். பின்னேரம் நீ படலையைத் திறந்துகொண்டு வந்தாய். அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், என் குசினிக்குள் போய்ச் சோறு போட்டாய்.

வசனத்தைச் செய்து தந்தேன். நீ தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாய். மி இஹோ நோ தீஸே குவாந்தோ தியேனே ஆம்ப்ரே. மீரேலே லா காரா. 'தியேனே' வரைக்கும் வண்டி ஓடும். அங்கே நிற்கும். பசி என்கிற 'ஆம்ப்ரே' மட்டும் உன் வாய்க்கு வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு நாளும் கைபோகிற இடமாகப் பார்த்து, அரிசி வாளி மூடியில் அதை எழுதி ஒட்டினாய். நான் வந்து பார்த்தேன். அரிசிக்கு ஸ்பானியத்தில் 'அர்ரோஸ்'. பேனையை எடுத்து உன் ஆம்ப்ரேயைக் குறுக்கே வெட்டி, மேலே அர்ரோஸ் என்று திருத்தினேன். சிவப்புப் பேனை. நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய். ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பிழை கண்ட இடத்தில் காரணம் கேட்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

கலியாணம் இங்கேதான் நடந்தது. அதற்கு முதல் நாள் காலையில் சம்பந்தி உன் வீட்டுக்கு வந்தார். மேசையில் பாண் இருந்தது. நீ பாண் என்றாய், அவர் துள்ளாத குறை. பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ மேசையைத் தொட்டாய், அவர் மேசா என்றார். வாசலில் கிடந்த சப்பாத்தைக் காட்டினாய். அலுமாரியைத் திறந்தாய். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி, சாமான்களுக்கு மாறி மாறிப் பெயர் சொல்லிச் சிரித்தீர்கள். இந்தச் சொற்கள் வந்த வரலாற்றை விளக்க நான் பின்னாலேயே வந்தேன். ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. அன்று பின்னேரம் நான் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை யாரிடமும் சொல்லாத காரணம் அதுதான்.

பின்னேரம் சொந்தக்காரர் எல்லாரும் கூடி இருந்தார்கள். நீ சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சம்பந்திக்கு முன்னால் போய் நின்றாய். மி இஹோ, என்றாய். அவர் எழுந்து நின்றார். நோ தீஸே, என்றாய். குவாந்தோ தியேனே, என்றாய். நின்றாய்.

எவ்வளவு நேரம் நின்றிருப்பாய்? ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. சம்பந்தி காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. உனக்கும் இல்லை. அவசரம் எனக்குத்தான்.

நான் உள்ளே புகுந்தேன். உன் சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அந்த வசனமே பிடித்திருக்கவில்லை. முதல் சந்திப்பில் ஒரு பெண்ணிடம் போய், என் பிள்ளைக்குச் சோறு போடுவீர்களா என்று கேட்பதைப் போல, நாகரிகமில்லாததாகத் தெரிந்தது. நான் ஸ்பானியத்தில் வேறொன்று தயாரித்து வைத்திருந்தேன். மதிப்புக்குரிய அம்மணி என்று தொடங்கி, இரண்டு குடும்பங்கள், இரண்டு கடல்கள், ஒரே அன்பு என்று போய் முடிகிற பேச்சு. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். சம்பந்தி கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நடுவில் நானும் அவரும். ஓரத்தில் தேத்தண்ணித் தட்டத்தோடு பாதி நீ.

இரவு கோப்பைகள் கழுவும்போது சொன்னாய்: "வடிவாச் சொன்னாய் மச்சாள். நான் வேற ஒண்டுதான் சொல்ல இருந்தன்."

அதற்குப் பிறகு நீ ஸ்பானியம் பேசவில்லை. வீடியோவில் அவர்கள் வரும்போது சிரிப்பாய், கையசைப்பாய், போனை என்னிடம் தந்துவிடுவாய். ஒருமுறை மகனைத் திரையில் உற்றுப் பார்த்துவிட்டு, மெலிந்துபோனான் என்றாய். கமரா அப்படித்தான் காட்டும் என்றேன். "அந்தச் சாப்பாட்டு விசயத்தை ஒருக்கா அவகிட்டச் சொல்லிவிடு" என்றாய். ஓம் என்றேன். சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற உறவில் ஏன் இதை என்று நினைத்தேன். உன் பிள்ளையின் வயிற்றைவிட என் பேச்சின் மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது.

போன வருஷம் வெள்ளாமை வெட்டு நேரத்தில், வவுணதீவு வயல் வட்டையில் நின்ற அண்ணன் வந்து சேர்வதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. மகன் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தாய் போன கவலை என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பெயின்ட் அடிக்கிற தம்பி போன பிறகு, அன்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினேன். அம்மணியும் இல்லை, கடலும் இல்லை. உன் இரண்டு வசனம், அப்படியே.

பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் பேக்கரித் தட்டுகளின் சத்தம் கேட்டது. அவர் சொன்னதை உனக்குத் தமிழில் தருகிறேன்: "இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?"

அவன் போன புதிதில் இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டிருக்கிறார். அவன் வேண்டாம் என்றிருக்கிறான். இங்கே முதல் 'வேண்டாம்' என்பதை யார் கணக்கில் எடுப்பார்கள்? மூன்றாவதையும் தாண்டித்தான் நாங்கள் கையை எடுப்போம். அங்கே நோ என்றால் நோ. மருமகளும் தாயைப் போலவே, சொன்ன பதிலை நம்புகிற பிள்ளை. தன் கைச் சமையல் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று சம்பந்தி நினைத்துக்கொண்டார். வற்புறுத்துவது மரியாதை இல்லை என்று கேட்பதையும் விட்டுவிட்டார். மரியாதை என்பதில் அவரும் நானும் ஒத்துத்தான் போனோம். பாண் சுடுகிற வீட்டில் உன் பிள்ளை இரண்டு வருஷம் அரை வயிற்றோடு எழும்பியிருக்கிறான்.

நேற்று உன் மகன் போன் எடுத்தான்.

"மாமி, இவங்களுக்கு என்ன நடந்த? என்ட முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறாங்க. வேண்டாம் எண்டாலும் தட்டில போடுறாங்க. அம்மா மாதிரி."

"அம்மா சொல்லிவிட்டதுதான்" என்றேன்.

எனக்குள் ஆறுதல் வசனங்கள் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் நல்ல வசனங்கள். ஒன்றையும் வெளியே விடவில்லை. கடைசியில் அவனாகவே, என்ன சொன்னவ, என்று கேட்டான்.

நீ எழுதியபடி சொன்னேன். மி இஹோ நோ தீஸே குவாந்தோ தியேனே. அந்த இடம் வந்ததும் என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. நின்றேன்.

"ஆம்ப்ரே" என்றான் உன் மகன்.

மூடியை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் வீட்டு வாளிக்குப் புதுமூடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உன்னுடையது என் வாளிக்குப் பெரிது. சரியாக உட்காராது, சாய்ந்தே கிடக்கிறது. அரிசி எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் உன் சொல் தெரிகிறது, அதன் குறுக்கே என் சிவப்புக் கோடும் தெரிகிறது. கோட்டை அழித்துப் பார்த்தேன். கடதாசி கிழியத் தொடங்கியது. விட்டுவிட்டேன்.