'தெரியலை'க்கு இரண்டு பொருள்

ஜூன் 11

அம்மா வாதாடுவார், நான் வாயாடுவேன். நடுவில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். அதற்கு அவருக்குக் கறுப்பு அங்கி கிடைத்தது, எனக்கு வகுப்புக்கு வெளியே நிற்கும் பாக்கியம்.

இப்போது அவர் கையில் ஒரு வேன் டிரைவரின் வழக்கு. விடியும் முன், ஒரு வளைவில், சைக்கிள்மீது மோதிவிட்டார். சைக்கிளை மிதித்தவர் அங்கேயே இறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கை முறிந்து பிழைத்தார். வேனில் விளக்கு எரிந்ததா இல்லையா, அதில்தான் எல்லாம். எரியவில்லை என்றால் டிரைவருக்குச் சிறை.

அந்த அக்கா போலீசிடம் சொன்னது ஒரே வரி: "வண்டி வந்தது தெரியலை."

ஜூன் 14

டிரைவர் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணா, நீங்க வண்டியை ஓட்டுறீங்க, நான் ஆளுங்களை ஓட்டுறேன். எனக்கு லைசென்ஸ்கூட வேணாம்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இனிமே வண்டியைத் தொடுவேனான்னே சந்தேகம் பாப்பா" என்றார்.

அம்மா பார்த்த பார்வையில் டீயே ஆறியிருக்கும்.

அவர் போன பிறகு கேட்டேன், "விளக்குப் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தேன்னு சொல்றாரு."

"நீ நம்புறியா?"

"அவருக்காகப் பேச வேற ஆள் இல்லடி."

ஜூன் 19

ஒத்திகை. பெரிய வழக்கு என்றால் அம்மா என்னைச் சாட்சியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பார்ப்பார். இன்று நான் அந்த அக்கா. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"கோமாளித்தனம் போதும். தெரியலைன்னு சொன்னீங்களே, என்ன அர்த்தம்?"

"எந்தத் தெரியலை வக்கீலம்மா? கண்ணுக்குத் தெரியலையா, கவனிக்காததால தெரியலையா? ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்!"

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லு."

"ஒரே டிக்கெட்ல..."

"அதுக்கு முன்னாடி, லூசு."

ஜூன் 20

என் வாய் ஒரு மனிதனைக் காப்பாற்றப்போகிறது! தமிழ் டீச்சர் கவனிக்க.

ஜூன் 26

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அக்கா மூக்கை உறிஞ்சவில்லை. கட்டுப் பிரித்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக நின்றார்.

அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "விளக்கு இல்லாததால கண்ணுக்குத் தெரியலையா, இல்ல நீங்க கவனிக்கலையா?"

அக்கா டிரைவரைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஏதோ ஜோக் சொன்னாரு. நான் அவர் முதுகுல முகத்தைப் புதைச்சுச் சிரிச்சிட்டிருந்தேன். ரோட்டையே பார்க்கலைம்மா."

முன்வரிசையில் இருந்த அவருடைய மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

'விளக்கு இல்லை'ன்னு ரெண்டே வார்த்தை சொல்லியிருக்கலாமே. யார் கேக்கப்போறா? ஏன் சொல்லலை?

ஜூன் 27

"அது என்ன ஜோக்குன்னு ஏன்மா கேக்கலை?"

"கேஸுக்குத் தேவையில்லை."

தட்டைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: "எனக்கும் கேக்கணும்னுதான் இருந்துச்சு."

ஜூலை 9

விடுதலை. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வெளியே படிக்கட்டில் அந்த அக்கா தனியாக நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று அம்மாவை ஒட்டிக்கொண்டேன்.

"நான் சிரிச்சதையும் தீர்ப்புல எழுதியிருக்காங்களாம்மா?"

"எழுதியிருக்காங்க."

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட முடியாதா? நீ சிரிச்சே அவனைக் கொன்னேன்னு எங்க மாமியார் சொல்றாங்க."

"முடியாதும்மா. அதை வச்சுதான் டிரைவருக்கு விடுதலை."

அக்கா தலையாட்டினார். கோபமே இல்லை. அதுதான்... கோபப்பட்டிருக்கலாம்.

பஸ் வரும்வரை அம்மா அவருடன் நின்றார். நானும் நின்றேன். ஏறும் முன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பொண்ணா? பேசவே மாட்டாளா?"

"பேசுவா" என்றார் அம்மா.